கண்ணை மூடிப் பார்த்த கேரவன்

லெஸ்லி கார்பட் நாற்பத்தொரு வருடம் வடிகால் வாரியத்தில் வாய்க்கால் தூர்வாரும் இயந்திரம் ஓட்டினார். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் ஹோல்டர்னெஸ் பகுதியில் நிலம் கடலைவிட உயரம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு குளிர்காலம் தூர்வாராமல் விட்டால் கோதுமை வயலில் வாத்து நீந்தும். இயந்திரத்தின் கூண்டுக்குள் நாள் முழுக்கத் தனியே உட்கார்ந்திருந்ததாலோ என்னவோ, பேச்சை அவர் டீசல் மாதிரி வைத்துக்கொண்டார். வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை கேரவன். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற பெட்டி வீடு. ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை வாரக் கடைசி தவறாமல் அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அவரும் மனைவி மேவிஸும். மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் இல்லை. லெஸ்லி பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

அறுபத்தொரு வயதில் சர்க்கரை நோய் மேவிஸின் கண்களை எடுத்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அவர்கள் பழக்கம். பார்வை போனவர்களுக்கு வீட்டுக்குள் நடக்கவும் சமைக்கவும் பழக்கிவிடுவது என் வேலை. முதலில் சொல்லிக்கொடுப்பது கை உரசி நடப்பதை. உள்ளங்கையால் சுவரைத் தடவக் கூடாது. தடவினால் கதவிடுக்கில் விரல் மாட்டும், அடுப்பில் சுட்டுக்கொள்ளும். விரல்களை லேசாக மடக்கி, பின்பக்கத்தைச் சுவரில் உரசவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். எது எங்கே முடிகிறது என்பதை விரல்மூட்டுகள் சொல்லும்.

வீட்டில் மேவிஸ் தேறவில்லை. செங்குத்தான மாடிப்படி, அறைக்கு அறை நிலைப்படி. இரண்டு முறை விழுந்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயந்தாள். நான்தான் சொன்னேன், கேரவனில் பழகிப் பார்க்கலாம் என்று. ஆறு மீட்டர் நீளம், படியில்லாத தரை, எல்லாம் ஆணி அடித்த இடத்தில். முன்பக்கம் எதிரெதிராக இரண்டு இருக்கைகள், அடுப்படிப் பக்கம் இருப்பது மேவிஸின் இடம். அங்கிருந்து பின்னால் நடந்தால் இடது கைக்குச் சமையல் மேடை, பாத்திரம் கழுவும் எஃகுத் தொட்டி, துணி அலமாரி, கழிப்பறைக் கதவு, இந்த வரிசையில். கழிப்பறைக்குப் பக்கத்தில், வலது மூலையில் சுவரோடு ஒட்டிய கட்டில். கடைசிவரை ஏழு எட்டு வைத்தால் போதும்.

மூன்றே வாரம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் அவளுக்குக் கண் தேவைப்படவில்லை.

"அடியே பெரில், வழியில நிக்காத. மூச்சு விடறது கேக்குது. நான் பேக்கன் வறுக்கணும்."

"அடுப்பு சுடும், பாத்து."

"பாத்தா? யாரப் பாத்து என்ன சொல்றா பாரு இவ! லெஸ், இவளுக்குத்தான் மாவட்ட நிர்வாகம் சம்பளம் குடுக்குதாம்."

லெஸ்லி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். வீட்டில் குருடியாக உட்கார்ந்திருந்தவள் கேரவனில் வீட்டுக்காரியாக நடந்தாள். ஒன்பது வருடம் அப்படிப் போயிற்று. பிறகு சிறுநீரகமும் போய், பிப்ரவரி மாதத்தில், ஹல் நகர மருத்துவமனையில் இறந்தாள். அந்த ஈஸ்டருக்கு லெஸ்லி தனியாக கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது நல்லது என்றே நினைத்தேன். துக்கத்தில் இருப்பவர்கள் பழக்கத்தை விடாமல் இருப்பது நல்லது.

அக்டோபரில் அவர் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். சமையலறை வாசலிலேயே நின்றார்.

"பெரில், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவ."

"கேளுங்க. முதல்ல உக்காருங்க."

"உக்காந்தா சொல்ல வராது. மேவிஸ் வண்டியில இருக்கா."

நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதில்லை. துணையை இழந்தவர்களில் பாதிப் பேர் எதையாவது பார்ப்பார்கள், கேட்பார்கள். மறுத்துப் பேசக் கூடாது, ஊக்கப்படுத்தவும் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.

"எப்படித் தெரியும்?"

"அந்தச் சத்தம். மேடை விளிம்புல கை உரசற சத்தம். தொட்டிகிட்ட வரும்போது மோதிரம் எஃகுல படும். டிக். அப்புறம் அலமாரி. அப்புறம் கழிப்பறைக் கொண்டி. தெனம் சாயங்காலம் நாலரைக்கு."

"மருந்து ஏதாவது மாத்தினாங்களா உங்களுக்கு?"

"மாத்தல."

"தூக்கம்?"

"நல்லாத் தூங்கறேன். பயமில்ல பெரில். அவ இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. வீட்டுல இல்ல, வண்டியிலதான். அதான் வீட்டுல எனக்கு இருப்புக் கொள்ளல."

மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். சரி என்றார். போகவில்லை.

ஜனவரியில் வண்டியை வருடாந்திரச் சோதனைக்குக் கொண்டுபோனார். ஓதம் அளக்கும் கருவியை ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்ப்பார்கள். கேரவன் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற நாள் மாதிரி. முன் மூலையில் சுவருக்குள் மரச்சட்டம் மக்கிவிட்டது. கழிப்பறைக்குப் பக்கத்தில் தரை ரொட்டிபோல் அமுங்கியது. காருடன் இணைக்கும் இரும்பிலும் விரிசல். இனி இதைச் சாலையில் இழுத்துப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

லெஸ்லி மறுபடி என் சமையலறை வாசலில் நின்றார்.

"வேற வண்டி வாங்கணும். அதே அமைப்புல. இல்லேன்னா அவளுக்கு வழி தெரியாது. நீதான அவளுக்குச் சொல்லிக்குடுத்தவ. கூட வா."

எனக்கு வேறு கணக்கு இருந்தது. லெஸ்லிக்கு எழுபத்தாறு வயது, வலது இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. அந்த மூலைக் கட்டிலில் அவர் இன்னும் சுவர்ப் பக்கம்தான் படுத்தார்; எழுந்து போக வேண்டுமானால் மேவிஸின் பக்கத்தைக் காலைத் தூக்கிப்போட்டுத் தாண்ட வேண்டும். அந்த வயதுக்கு ஏற்றது நடுவில் நடைபாதை விட்டு இரண்டு பக்கமும் ஒற்றைக் கட்டில், கடைசியில் அகலம் முழுக்கக் கழிப்பறை. எழுந்தால் நேரே நடக்கலாம். நாளைக்கு யாராவது வந்து அவரைத் தூக்கிவிட வேண்டி வந்தாலும் பக்கத்தில் நிற்க இடமிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கூடப் போனேன். அவரிடம் சொல்லவில்லை.

கேரவன் வாங்கப் போகிறவர்கள் உள்ளே ஒரு மணி நேரமாவது குடித்தனம் நடத்திப் பார்ப்பார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுப்பார்கள், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள், இல்லாத தட்டைக் கழுவுவார்கள். விற்பவர்களுக்கு இது பழக்கம். லெஸ்லி செய்தது அவர்களுக்குப் பழக்கமில்லை. முன்பக்கம் நின்று கண்களை இறுக மூடிக்கொண்டு, இடது கை விரல்களை மடக்கி, மேடை விளிம்பில் உரசியபடி பின்னால் நடப்பார். வாய் எண்ணிக்கொண்டே போகும். கடைசியில் கண்ணைத் திறந்து தலையாட்டுவார். இல்லை என்று.

பெவர்லி போகிற சாலையில் மூன்று விற்பனைத் திடல்கள். பதினான்கு வண்டிகள் பார்த்தோம். அந்த அமைப்பு இப்போது யாருக்கும் வேண்டாமாம். ஒன்றில் தொட்டி முன்னால் இருந்தது, ஒன்றில் அலமாரி வலது பக்கம் போயிருந்தது. இன்னொன்றில் நடுவில் கட்டில் தீவு மாதிரி நின்றது.

"இதுல அவ மூணாவது எட்டுலயே முட்டிய இடிச்சுக்குவா" என்றார் அதைப் பார்த்து.

மூன்றாவது திடலின் விற்பனைக்காரி ட்ரேசி, நாற்பது வயது, வாய் ஓயாதவள். என்னைத் தனியே இழுத்தாள்.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போயிட்டு வருதா? தெரிஞ்சா அதுக்கேத்த வண்டியாக் காட்டுவேன்."

"அவர் என் வீட்டுக்காரர் இல்ல. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏன்..."

"அவருக்கு அப்படிப் பாத்தாத்தான் தெரியும்."

 ஒரு வாரம் கழித்து ட்ரேசி லெஸ்லிக்கு போன் செய்தாள். நீங்கள் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது ஐயா, முன்னால் இருக்கை, நடுவில் அடுப்படி, மூலையில் கட்டில், பக்கத்தில் கழிப்பறை, நாலு வயசு வண்டி, ஓதமே இல்லை. லெஸ்லி அன்று சவரம் செய்து, கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். மேவிஸ் உயிரோடிருந்தபோது பிறந்தநாளுக்குக்கூட அவர் அதைக் கட்டி நான் பார்த்ததில்லை.

வண்டி ஜெர்மனியில் செய்தது. அங்கே சாலையின் வலது பக்கத்தில் ஓட்டுவார்கள். அதனால் கேரவனின் வாசல் நம் வண்டிகளுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். உள்ளே எல்லாம் இருக்கிறது, கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறி. ட்ரேசி சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. எந்தப் பக்கம் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதே வேலையில் இருந்த எனக்குக்கூடத் தோன்றவில்லை. லெஸ்லி அவசரமாக உள்ளே ஏறினார். சுற்றிப் பார்க்கவே இல்லை. முன்னால் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். ஒரு எட்டு, இரண்டு எட்டு. மேடையைத் தேடி நீண்ட இடது கை, திறந்திருந்த வாசலில் வெறும் காற்றைத் தொட்டது. கையைத் தொடர்ந்து ஆளும் வெளியே போய்விட்டார்.

வெளியே நின்றிருந்த ட்ரேசி மேல் விழுந்ததால் தலை தப்பியது.

"ஐயோ ஐயா! எங்க வலிக்குது? அசையாதீங்க!"

"எந்திரிக்க விடும்மா. ஒண்ணும் ஆகல."

"ஆகல, ஆகல. எழுபத்தாறு வயசுல கண்ண மூடிட்டு நடந்தா ஒண்ணும் ஆகாது பாருங்க" என்றேன் நான். இடுப்பை அழுத்திப் பார்த்தேன். முறிவில்லை. நல்ல அடி.

அவர் ஈரத் தரையில் உட்கார்ந்தபடி அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ விழுந்திருப்பா, பெரில்."

அந்த இடத்தில்தான் நான் அவரை வளைத்தேன். மறைக்க வேண்டியதில்லை. அடிபட்டு, சோர்ந்து, குளிரில் நடுங்குகிறவரிடம் எதற்கும் கையெழுத்து வாங்கலாம் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ஒற்றைக் கட்டில் வண்டிக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டிலில் படுக்க வைத்தேன். வலியில்லாமல் எழுந்தார். நேரே நடந்தார். அடுப்படி இடது பக்கம்தான் இருக்கிறது பாருங்கள் என்றேன். தொட்டியும் கிட்டத்தட்ட அங்கேதான். மிச்சத்தை அவள் பழகிக்கொள்வாள் என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், நம்பாத ஒன்றைப் பற்றி. அவர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் மாதத்தில் வண்டி கைமாறும் நாள். பழையதை ட்ரேசியின் ஆட்கள் பார வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, புதியதற்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். பழையதிலிருந்து சாமான்களை எடுத்துப் புதியதில் வைப்பது அன்றைய வழக்கம். தட்டு, போர்வை, தண்ணீர்க் குழாய், வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தும் கட்டைகள். மழை பெய்துகொண்டிருந்தது. லெஸ்லி வெளியே சுமந்துகொண்டிருந்தார், நான் பழைய வண்டிக்குள் தனியாக, குனிந்து கரண்டி இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தேன்.

என் தலைக்கு மேலே, மேடை விளிம்பில் எதுவோ உரசிக்கொண்டு போயிற்று. தொட்டியில் பட்டது. டிக்.

நான் நிமிரவில்லை. வழியில் நிற்கிறேன் என்பதுதான் முதலில் தோன்றியது. இழுப்பறையைச் சாத்திவிட்டு ஒதுங்கி, மேசையோடு ஒட்டி நின்றேன். உரசல் அலமாரியைத் தாண்டியது. கழிப்பறைக் கொண்டி மெல்ல ஏறி இறங்கியது. கண்ணால் பார்த்தேன். மணி நாலரை. கதவு திறக்கவில்லை.

விரல்மூட்டுகளால், அவசரமில்லாமல், கடைசி அங்குலம்வரை தொட்டுச் சரிபார்த்துக்கொண்டு போகிற நடை. நான் கற்றுக்கொடுத்த நடை. நூறு பேருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வேறு எந்தச் சத்தத்தோடும் அதை நான் குழப்பிக்கொள்ள மாட்டேன்.

லெஸ்லி வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இந்த வண்டிய அடுத்த மாசம் உடைச்சுருவாங்க. இவள எப்படி அங்க கூட்டிட்டுப் போறது?"

கேட்டுவிட்டு அவரே உள்ளே ஏறி, காற்றில் கையை நீட்டி, மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற மாதிரி இழுத்தார். "வா மேவிஸ். வா, போலாம்." அவள் உயிரோடிருந்தபோதும் அப்படித்தான் இழுப்பார். நான் கிடாரியா என்று அவள் கத்துவாள்.

"இழுக்காதீங்க லெஸ். எத்தன தடவ சொல்லியிருக்கேன். முழங்கையக் குடுங்க. அரை எட்டு முன்னால நில்லுங்க. பிடிக்கணுமா வேணாமான்னு அவ முடிவு பண்ணட்டும்."

அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி, மழையில் இறங்கி, இடது முழங்கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றார். சாவிகளோடு ட்ரேசி குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன ஐயா, கை பிடிச்சுக்கிச்சா?"

"பேசாம இரும்மா கொஞ்சம்" என்றேன்.

அவள் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். லெஸ்லியின் மழைக்கோட்டுக் கையில், முழங்கைக்குச் சற்று மேலே, துணி உள்ளே அழுந்திற்று. நான்கு விரல் அகலம். தேங்கியிருந்த தண்ணீர் அந்த மடிப்பில் வழிந்து இறங்கியது. அவர் நடக்கத் தொடங்கினார். "படி" என்றார். "இப்ப தரை. குழி இருக்கு, சுத்திப் போறோம்." திடலைக் கடந்து புது வண்டிக்கு ஏறும்வரை அவர் பேசிக்கொண்டே போனார். நான் கேட்டதிலேயே அவர் பேசிய நீளமான பேச்சு அது. ட்ரேசி குடையை மடக்கிவிட்டாள். எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது. சாவியை என் கையில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குள் போய்விட்டாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஈஸ்டருக்கு ஹார்ன்ஸீ கடற்கரைப் பக்கம் முகாம் போட்டிருந்தார். இரண்டாம் நாளே போன். வந்து பார் என்றார். போனேன். அவர் கன்னம் ஒட்டியிருந்தது. என் கணக்குக்கு மூன்று கிலோ குறைந்திருந்தார். வெயிலடிக்கும் பிற்பகலில் ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேளு" என்றார்.

முதலில் சமையல் மேடை உரசல். அது முடிகிற இடத்தில் நின்றது. அங்கேதான் பழைய வண்டியில் அலமாரி தொடங்கும். இங்கே கட்டில், முழங்கால் உயரத்தில். கைக்கு எதுவும் கிடைக்காது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தட்டல். கட்டில் விளிம்பில், மெத்தையில், எதிர்க் கட்டிலில், ஜன்னல் சட்டத்தில். உள்ளங்கை. நடை மறந்து, கையை விரித்துத் துழாவுகிற தட்டல். மேவிஸ் கண் போன முதல் மாதத்தில் வீட்டுக் கூடத்தில் நின்று அப்படித்தான் தட்டினாள்.

"நாலரைக்குன்னு இல்ல இப்ப" என்றார் லெஸ்லி. "நாள் பூரா. நான் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். கயிறு கட்டிப் பாத்தேன், மேடையிலேர்ந்து கழிப்பறை வரைக்கும். தொடவே இல்ல. நேரா போ மேவிஸ், ரெண்டு எட்டுன்னு சொல்றேன். அவ பழகல பெரில். நீ பழகிருவான்னு சொன்ன."

சொன்னேன். கண் போனவர்களை மட்டுமில்லை, மறதி முற்றியவர்களையும் முப்பது வருடம் பார்த்தவள் நான். பழைய வீட்டின் வழி அவர்களுக்குள் அப்படியே கிடக்கும். புது வீட்டில் நூறு தடவை காட்டினாலும் நூற்றியோராவது தடவை துணி அலமாரியைக் கழிப்பறை என்று திறப்பார்கள். புதிதாக எதுவும் பதியாது. அப்படிப்பட்டவர்களை இடம் மாற்றாதீர்கள் என்று குடும்பத்தாரிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன். உயிரோடிருக்கும் மூளைக்கே அப்படியென்றால், இறந்தவள் எதை வைத்துப் புதிதாகக் கற்றுக்கொள்வாள்? இதை நான் யோசித்திருக்க வேண்டும். லெஸ்லியின் இடுப்பை மட்டும் யோசித்தேன்.

"பழைய வண்டி இன்னும் உடைக்கலயே?" என்றேன்.

"வியாழக்கிழமை உடைக்கறாங்க."

"உங்ககிட்ட அளக்கற டேப் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து காரைத் திறக்கப் போனார்.

திடலின் பின்புறம் நெருஞ்சியும் தகரமுமாகக் கிடந்த இடத்தில் பழைய வண்டி நின்றது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. வெறும் பெட்டி. நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். மேடையின் உயரம், விளிம்பின் தடிமன், மேடைக்கும் அலமாரிக்கும் நடுவே விரல் விழும் இடுக்கு, கொண்டி எந்த உயரத்தில், கட்டிலின் கால்மாட்டு மூலை எவ்வளவு வளைவு. அளந்ததையெல்லாம் அவர் மறுபடி கண்ணை மூடிக் கையால் சரிபார்த்தார். பிறகு எஃகுத் தொட்டியை முழுதாகக் கழற்றினார். அலமாரிக் கதவையும் கொண்டியையும் கழற்றினார்.

ட்ரேசி ஓடிவந்தாள். "ஐயா, என்ன பண்றீங்க?"

"புது வண்டியில மாட்டப் போறேன்."

"புது வண்டியப் பிரிச்சீங்கன்னா உத்தரவாதம் போயிரும். ஒரு ஆணிய அடிச்சாலும் போயிரும்! பத்து வருஷ உத்தரவாதம் ஐயா!"

"பத்து வருஷமா? எனக்கே அது கிடையாதும்மா."

அவள் என்னைப் பார்த்தாள், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. நான் தொட்டியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டேன்.

புது வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திச் செய்த வேலை ஐந்து வாரம் பிடித்தது. லெஸ்லி இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் அறுத்து வெளியே போட்டார். கடைசியில் இருந்த அகலக் கழிப்பறையைப் பிரித்துப் பாதியாக்கினார். பிளைவுட் அடித்து மூலைக் கட்டில் போட்டார். அறுபது வருடம் பழகிய கை. ஆனால் குனிந்து நிமிரும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் வலி மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்தேன், சூப் கொண்டுபோனேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வேலை நடக்கும்போது உள்ளே தட்டல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ரம்பச் சத்தம் நின்றால் அது கேட்கும். லெஸ்லி ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொறு மேவிஸ், அலமாரி வரல இன்னும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, கிழவர் யாரோடு பேசுகிறார் என்று என்னைக் கேட்டார். பெண்டாட்டியோடு என்றேன். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசியாக மாட்டியது கழிப்பறைக் கொண்டி. ஜூன் மாதம், சனிக்கிழமை, பிற்பகல். லெஸ்லி திருகாணியை முடுக்கிவிட்டு மரத்தூளைக் கூட்டினார். கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் ஒரு தரம் படுத்துப் பார்த்தார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். 

"டீ போடவா?"

"போடுங்க."

நான் முன்னால் போய் அடுப்படிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து தட்டல் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லெஸ்லி கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதித்தது. அவர் கோப்பைகளை எடுத்து வைத்தார்.

பின்பக்கம் கொண்டி ஏறி இறங்கியது.

பிறகு அலமாரிக் கதவில் உரசல். விரல்மூட்டுகள். இடுக்கில் ஒரு கணம் நின்று, விளிம்பைப் பிடித்து, மேடைமேல் வந்தது. லெஸ்லி கோப்பைகளை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். எஃகில் டிக் என்றது. அவர் தோள்கள் இறங்கின. நிற்காமல், தேடாமல், அந்தச் சத்தம் மேடையின் முடிவுவரை வந்து, எனக்கு ஒரு எட்டு தூரத்தில் நின்றது. வண்டியில் மரத்தூளும் கொதிநீர் ஆவியுமாக மணந்தது.  எனக்கு இந்த வயதுக்குப் பொருந்தாத பயம். முகத்தில் காட்டவில்லை.

லெஸ்லி திரும்பிப் பார்க்காமல் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பெரில், கோவிச்சுக்காத. கொஞ்சம் எதிர்ப் பக்கம் மாறி உக்காரு."

நான் எழுந்து மாறி உட்கார்ந்தேன்.